ஆக்டேவியா ஆர்.எஸ் 230: டிராக்கில் நாலாவது ரவுண்டுக்குள் சூடேறுது, எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

வடபழனி_ஆர்எஸ்

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2018 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ் 230. 2.0 டி.எஸ்.ஐ இன்ஜின், 6 கியர் டி.எஸ்.ஜி (ரெண்டு கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்), 62,000 கி.மீ. ஓடியிருக்கு. ஸ்டேஜ் 1 மேப் (பவரைக் கூட்டுற சாஃப்ட்வேர் மாற்றம்) மட்டும் போட்டிருக்கு. ரேடியேட்டர், இன்டர்கூலர் (டர்போ அழுத்தின காற்றை ஆற்றுவது), ஆயில் கூலர் எல்லாம் கம்பெனியில் வந்ததுதான். தினமும் ஆபீஸுக்குப் போவதும் இதே வண்டி. மாசத்துக்கு ஒரு தடவை இருங்காட்டுக்கோட்டையில் டிராக் டே.

வெளிக்காற்று 36 டிகிரி இருந்த நாளில், ஓ.பி.டி. (வண்டியோட கம்ப்யூட்டரைப் படிக்கிற சாக்கெட்) வழியா எடுத்த லாக், அதாவது சூட்டுப் பதிவு, இது. ஏ.சி. ஆஃப். ஒவ்வொரு ரவுண்டும் சுமார் 2 நிமிஷம் 10 செகண்ட்.

ரவுண்டு 1: கூலன்ட் 94, இன்ஜின் ஆயில் 108, இன்டேக் காற்று 45
ரவுண்டு 2: கூலன்ட் 99, ஆயில் 118, இன்டேக் 52
ரவுண்டு 3: கூலன்ட் 104, ஆயில் 126, இன்டேக் 58
ரவுண்டு 4: கூலன்ட் 109, ஆயில் 133, இன்டேக் 63. கியர்பாக்ஸ் ஆயில் 118.

டாஷ்போர்டு முள் நாலாவது ரவுண்டு முடிவு வரைக்கும் 90-லேயே நின்னது, அப்புறம்தான் லேசா அசைஞ்சது. சிட்டி டிராஃபிக்கில் ஏ.சி. போட்டு ஓட்டினா 92-லிருந்து 98-க்குள்தான் இருக்கு, அங்கே ஒரு தொந்தரவும் இல்லை.

52 மி.மீ. தடிமனில் ஒரு அலுமினிய ரேடியேட்டர் வாங்கலாம்னு நினைச்சேன். ஒரு மெக்கானிக் தெர்மோஸ்டாட்டை (ரேடியேட்டருக்குப் போகிற கூலன்ட்டைத் திறந்து மூடுற வால்வு) கழட்டிட்டா போதும்னு சொல்றார். பட்ஜெட் ஒன்றரை லட்சம். தினசரி ஓட்டத்துக்கும் பாதகம் வரக்கூடாது. எதை முதல்ல செய்யலாம்?

---

ஆயில்கேஜ்

லாக் எடுத்தது பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் கூலன்ட் முள், ஏறக்குறைய 75-லிருந்து 107 டிகிரி வரைக்கும் அசையாம 90-ஐக் காட்டும்படிதான் செட் பண்ணியிருக்காங்க. முள் நகர ஆரம்பிச்சா ஏற்கனவே தாமதம். டிராக்கில் ஓ.பி.டி. எண்ணை மட்டும் பாருங்க.

உங்க எண்களில் கவனிக்க வேண்டியது 109 அல்ல. ஒரு ரவுண்டுக்கு 5 டிகிரி வீதம் நிக்காம ஏறுது பாருங்க, அதுதான். 106-ல் ஏறி அங்கேயே நின்னா அந்த இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகாது, இந்த இ.ஏ.888 மூணாம் தலைமுறை இன்ஜின் லேசான ஓட்டத்தில் தானாவே 100-க்கு மேலே வச்சுக்கும். ஆனா முழு த்ராட்டிலில் இ.சி.யு. (இன்ஜின் கம்ப்யூட்டர்) கேட்பது 85 பக்கம். அது 85 கேட்கும்போது நீங்க 109-ல் இருக்கீங்கன்னா, வால்வு முழுக்கத் திறந்தும் ரேடியேட்டர் வழியா வெளியே போகிற சூட்டைவிட உள்ளே வருகிற சூடு அதிகம்னு அர்த்தம்.

ரெண்டாவது விஷயம், ஆயில் கூலன்ட்டைவிட வேகமா ஏறுது. 108-லிருந்து 133. இந்த இன்ஜினில் ஆயில் கூலர் என்பது கூலன்ட்டில் சூட்டைக் கொட்டுகிற ஒரு சின்ன எக்ஸ்சேஞ்சர். ஆயில் 133, கூலன்ட் 109 என்றால் அந்த 24 டிகிரி வித்தியாசத்தில் ஆயில் தன் சூட்டை எல்லாம் தண்ணியில்தான் இறக்கிக்கிட்டிருக்கு. டி.எஸ்.ஜி. கூலரும் அதே மாதிரிதான். போதாக்குறைக்கு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டே சிலிண்டர் ஹெட்டுக்குள்ள வார்த்திருக்கு, அதைச் சுத்தியும் கூலன்ட். ஆக மூணு இடத்துச் சூட்டையும் ஒரே ரேடியேட்டர் சுமக்குது. ஸ்டேஜ் 1 வேற.

ரேடியேட்டரை மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பாருங்க. டிராக்கில் சராசரியா 60 கிலோவாட் சூடு கூலன்ட்டுக்கு வருதுன்னு வச்சுக்குவோம். காற்று கோர் (ரேடியேட்டரின் துடுப்புப் பகுதி) வழியா போகும்போது 35 டிகிரி சூடேறி வெளியே வந்தா, அந்த 60 கிலோவாட்டைத் தூக்க நொடிக்கு 1.7 கிலோ காற்று வேணும், அதாவது ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர். கோர் முகப்பு 65 செ.மீ.க்கு 40 செ.மீ.ன்னா 0.26 சதுர மீட்டர். வகுத்தா கோர் முகத்தில் நொடிக்கு 5.7 மீட்டர் வேகம். உங்க சராசரி வேகம் மணிக்கு 100 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே, நொடிக்கு 28 மீட்டர். ஏ.சி. கண்டென்சர், இன்டர்கூலர் எல்லாம் தாண்டி வரும் காற்று அதில் அஞ்சில் ஒரு பங்கு வேகத்தில்தான் ரேடியேட்டரை அடையும். அதுவும் 5.7-தான். இழுபறி எல்லையில் இருக்கீங்க. இதில் கால்வாசிக் காற்று கோருக்குப் போகாம பக்கத்து இடுக்கில் நழுவினா, உங்க லாக்கில் இருக்கிற மாதிரிதான் ஏறும்.

வெளிக்காற்றும் கணக்கில் வரும். கூலன்ட் 105, காற்று 25 என்றால் இடைவெளி 80 டிகிரி. காற்று 38 ஆனா 67 டிகிரி. அதே ரேடியேட்டர் ஆறில் ஒரு பங்கு திறனை அப்படியே இழக்குது. ஜனவரியில் சரியா இருந்த வண்டி ஏப்ரலில் திணறுவது இதனால்தான்.

அதனால என் வரிசை: முதல்ல இருக்கிறதைச் சரி பார்ப்பது, ரெண்டாவது காற்றை அடைச்சுக் கோருக்குள் அனுப்புவது, மூணாவது காற்றில் ஆறுகிற தனி ஆயில் கூலர். ரேடியேட்டர் அதுக்கப்புறம். அனேகமா தேவைப்படாது.

---

செட்டிபாளையம்_கேரேஜ்

ஆயில்கேஜ் சொன்ன "இருக்கிறதைச் சரி பார்ப்பது" பத்தி விரிவா எழுதறனுங்க, ஏன்னா 62,000 கி.மீ. ஓடின இந்த இன்ஜினில் முதல் சந்தேகம் அங்கதான்.

தெர்மோஸ்டாட் விஷயத்தை முதல்ல முடிச்சுருவோம். இந்த இன்ஜினில் கழட்டி எறியற மாதிரி மெழுகுத் தெர்மோஸ்டாட் கிடையாதுங்க. வாட்டர் பம்ப்போட சேர்ந்த பிளாஸ்டிக் ஹவுசிங்குக்குள்ள மோட்டார் திருப்பற சுழல் வால்வுகள் இருக்கு. அதைத் தொட்டா இ.சி.யு. உடனே ஃபால்ட் போட்டு பவரைக் குறைக்கும். பழைய வண்டிகளிலும் இது தப்பான வைத்தியந்தான். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துட்டா பைபாஸ் எப்பவும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணி ரேடியேட்டருக்குப் போகாம ஒரு பகுதி திரும்ப இன்ஜினுக்கே வரும். டிராக்கில் சூடு குறையாது. ரோட்டில் இன்ஜின் சூடே ஆகாம ஆயிலில் பெட்ரோல் கலக்கும்.

அந்த ஹவுசிங்தான் இந்த இன்ஜினோட பலவீனமான இடம். இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், கியர்பாக்ஸ் பக்கமா இருக்கு. மேலிருந்து டார்ச் அடிச்சுப் பார்த்தா கியர்பாக்ஸ் மேல்மூடியில் ரோஸ் கலந்த வெள்ளைப் பொடி மாதிரி காய்ஞ்ச கறை தெரியுதான்னு பாருங்க. ஓட்டி நிறுத்தினதும் பானெட் பக்கம் தித்திப்பான வாசனை வந்தாலும் அதேதான். சொட்டு கீழே விழாது, சூட்டில் அங்கேயே காய்ஞ்சிரும். அதனால "தரையில் ஈரமே இல்லையே"ன்னு விட்டுராதீங்க. கசிஞ்சா பம்ப்பு, ஹவுசிங், சின்ன பெல்ட் மூணையும் சேர்த்தே மாத்திருங்க. பிளாஸ்டிக்குங்கறதால போல்ட்டுக்கு டார்க் ரெஞ்ச் கட்டாயம், மேனுவலில் சொன்ன வரிசை கட்டாயம். கையால் இறுக்கினா புதுசே விரிசல் விடும்.

அடுத்தது பிரஷர். இன்ஜின் நல்லா ஆறின பிறகு எக்ஸ்பான்ஷன் டேங்க்கில் (கூலன்ட் ஊத்தற டப்பா) டெஸ்டர் மாட்டி 1.4 பார் ஏத்தி 15 நிமிஷம் விடுங்க. முள் இறங்கக் கூடாது. மூடியைத் தனியா டெஸ்ட் பண்ணுங்க, 1.4-லிருந்து 1.6 பாருக்குள்ள திறக்கணும். மூடி தளர்ந்திருந்தா கூலன்ட் 110-லேயே ஹெட்டுக்குள்ள அங்கங்க கொதிக்க ஆரம்பிக்கும். ஆவி இருக்கிற இடத்தில் தண்ணி இல்லை, சூடு போறதுக்கு வழியும் இல்லை. இருநூறு முந்நூறு ரூபாய்ச் சாமானுக்காக ஹெட் கேஸ்கெட் போன வண்டிங்க நிறைய இருக்கு.

எக்ஸ்பான்ஷன் டேங்க்குக்குள்ள சிலிக்கா பை ஒண்ணு சில வண்டிங்கள்ல இருக்கும். அது கிழிஞ்சா மணி மணியா உள்ளே போய் ஹீட்டர் கோரை, சின்னக் குழாய்களை அடைக்கும். டார்ச் அடிச்சுப் பாருங்க, பை இருந்தா அது இல்லாத டேங்க் போட்டுருங்க.

முன்னாடி ஓட்டினவர் என்ன கூலன்ட் ஊத்தினார்னு தெரியாதுன்னா முழுசா மாத்தறதுதான் நல்லது. இந்த வண்டிக்கு வந்தது ஜி13, இப்ப அதுக்குப் பதிலா ஜி12 ஈவோ. கலரைப் பார்த்து வாங்காதீங்க, கலருக்கும் உள்ளிருக்கிற மருந்துக்கும் சம்பந்தமில்லை. டப்பாவில் ஃபோக்ஸ்வாகன் தர எண் டி.எல்.774 எல் அல்லது ஜெ-ன்னு இருக்கணும். கீழ் ரேடியேட்டர் ஹோஸைக் கழட்டி வடிச்சு, டிஸ்டில்டு வாட்டர் ஊத்தி, ஹீட்டரை ஃபுல் சூட்டில் வச்சு கீழ் ஹோஸ் சூடாகற வரைக்கும் ஓட்டி, ஆற விட்டு மறுபடி வடிங்க. தெளிவா வரும்வரை, சாதாரணமா ரெண்டு மூணு தடவை. போர் தண்ணி வேண்டாமுங்க. உப்பு உள்சுவரில் படிஞ்சா ஒரு மெல்லிய ஓடு மாதிரி ஆயிடும், அப்புறம் எந்த ரேடியேட்டர் போட்டாலும் பிரயோஜனமில்லை.

கலவை 40 சதவீதம் கூலன்ட், 60 சதவீதம் டிஸ்டில்டு வாட்டர். நம்ம ஊரில் உறையற பயம் இல்லை, ஆனா துருத் தடுப்புக்கு 40-க்குக் கீழே போகக் கூடாது. பிளாக்கில் கொஞ்சம் வெறும் தண்ணி தங்கியிருக்குங்கறதால முதல்ல கணக்குப் போட்ட கூலன்ட் அளவைச் சுத்தமா ஊத்திட்டு, பிறகு தண்ணி சேருங்க. கடைசியில் கலவை விகிதத்தை ரிஃப்ராக்டோமீட்டர்ல பாருங்க. உள்ளே பந்து மிதக்கற மலிவு மீட்டர் ஜி13-க்குத் தப்பா காட்டும், அதில் கிளிசரின் இருக்கு.

ஊத்தறது வாக்குவம் முறையிலதான். கம்ப்ரஸர் காற்றில் இயங்கற வாக்குவம் ஃபில்லர் மாட்டி 0.8 பார் வரைக்கும் இழுத்து, 5 நிமிஷம் முள் நிக்குதான்னு பார்த்துட்டு கலவையை உறிஞ்ச விடுங்க. ஹோஸெல்லாம் சப்பையாகும், பயப்படாதீங்க. அப்புறம் ஸ்கேன் டூலில் கூலன்ட் ப்ளீடிங் ரொட்டீனை, அதாவது மாட்டின காற்றை வெளியேத்தற வேலையை, ஓட்டணும். டர்போவுக்குத் தனி எலெக்ட்ரிக் பம்ப் இருக்கிற இந்தச் சிஸ்டத்தில் மூடியைத் திறந்து வச்சு ஊத்தினா காற்று எங்கேயாவது மாட்டிக்கும். மாட்டின காற்றும் உங்க லாக் மாதிரியே ஒரு லாக்கைத்தான் கொடுக்கும்.

---

டிங்கரிங்_மேசை

காற்றை அடைக்கும் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம். ஆனால் வாங்கிக் காட்டுவதற்கு ஒரு பொருளும் இல்லை என்பதால் யாரும் முதலில் செய்வதில்லை.

காற்று சோம்பேறி. ரேடியேட்டர் துடுப்புகளுக்கு இடையே நெருக்கிப் போவதைவிட, பக்கத்தில் விரலளவு இடுக்கு இருந்தால் அதில் ஓடிவிடும். கம்பெனி வண்டியில் பம்பருக்கும் கூலர் அடுக்குக்கும் நடுவே பிளாஸ்டிக், ரப்பர் தடுப்புகள் இருக்கும். ஒரு முறை பம்பர் கழற்றி மாட்டிய வண்டிகளில் அவற்றில் ஒன்றிரண்டு காணாமல் போயிருக்கும், அல்லது கிளிப் உடைந்து தொங்கும்.

கண்டுபிடிக்க எளிய வழி: இரவில், இருட்டான ஷெட்டில், பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குப் பின்புறம், இரு ஓரங்களிலும் மேலேயும் கீழேயும் ஒரு எல்.இ.டி. விளக்கை வைத்து நகர்த்துங்கள். இன்னொருவர் முன்னால் குனிந்து கிரில் வழியாகப் பார்க்கட்டும். துடுப்புகள் வழியே மங்கலாக வெளிச்சம் தெரியும், அது சரி. எங்கெல்லாம் பளிச்சென்று கீற்றாக வெளிச்சம் வருகிறதோ அங்கெல்லாம் காற்று நழுவுகிறது. சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டருக்கு மேல் பானெட் லாக் பட்டையின் அடியிலும், இரு பக்க ஹெட்லைட்டுக்குக் கீழேயும் பெரும்பாலும் கிடைக்கும்.

அடைக்க ஏ.சி. குழாய்களுக்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ஃபோம் ஷீட் நன்றாக வேலை செய்யும். 12 மி.மீ. தடிமனில் ஏ.சி. சாமான் கடைகளில் கிடைக்கிறது. ஸ்பாஞ்ச் வேண்டாம், தண்ணீரைக் குடித்துத் தொங்கிவிடும். இடுக்கைவிட 3, 4 மி.மீ. அதிகமாக வெட்டி அழுத்தித் திணியுங்கள். விரல் நுழையும் அளவுக்கு மேல் உள்ள இடைவெளிக்கு 1 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டி, ஓரத்தை மடித்து, ரிவெட் அடித்து, விளிம்பில் ஃபோம் ஒட்டுங்கள். அலுமினிய டேப் மட்டும் ஒட்டினால் இரண்டு மழைக்கு மேல் தாங்காது. தகட்டின் விளிம்பு எந்த ஹோஸையும் தொடக் கூடாது. அதிர்வில் ரம்பம் மாதிரி அறுத்துவிடும்.

கூலர் அடுக்கு மூன்று: முன்னால் ஏ.சி. கண்டென்சர், நடுவில் இன்டர்கூலர், பின்னால் ரேடியேட்டர். இவற்றுக்கு இடையில் உள்ள ஓர இடுக்குகளையும் மூடுங்கள். கண்டென்சரைத் தாண்டிய காற்று நடுவில் வெளியேறிவிட்டால் ரேடியேட்டருக்கு மிச்சம் என்ன இருக்கும்? பிரித்த கையோடு உள்ளே சேர்ந்திருக்கும் பூச்சி, பிளாஸ்டிக் துணுக்கு, புழுதியைச் சுத்தம் செய்யுங்கள். சாதாரண குழாய் அழுத்தத்தில், பின்பக்கமிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். பிரஷர் வாஷர் துடுப்புகளை மடக்கிவிடும். டிராக்கில் டயர் ரப்பர் துணுக்குகள் கண்டென்சரில் வந்து ஒட்டும். ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் பிரஷ்ஷால் தட்டிவிடுவது பழக்கமாகட்டும்.

உள்ளே வந்த காற்று வெளியேற வேண்டும் என்பதும் முக்கியம். டிராக்குக்கு வரும் பலர் எடையைக் குறைக்கவும் "காத்து வரட்டும்" என்றும் இன்ஜினுக்குக் கீழே உள்ள தட்டைக் கழற்றிவிடுகிறார்கள். அதை மாட்டுங்கள். தட்டு இல்லாவிட்டால் வண்டிக்கு அடியில் ஓடும் காற்று மேலே புகுந்து இன்ஜின் அறையில் அழுத்தம் ஏறும். முன்னும் பின்னும் அழுத்தம் ஒன்றானால் கோர் வழியாகக் காற்று ஏன் போகப் போகிறது?

பெரிய ஃபேன் கேட்டால் வேண்டாம் என்பேன். 70 கி.மீ. வேகத்துக்கு மேல் ஃபேனுக்கு வேலையே இல்லை. உங்கள் வண்டி டிராஃபிக்கில் 98-ஐத் தாண்டவில்லை என்பதே ஃபேன் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி.

---

வடபழனி_ஆர்எஸ்

எல்லோருக்கும் நன்றி. விளக்கு வச்சுப் பார்த்தேன். இடது ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு தடுப்பே இல்லை, மேலே பானெட் லாக் பட்டைக்கு அடியில் நீளவாக்கில் ஒரு கீற்று. கியர்பாக்ஸ் மேலே வெள்ளைக் கறையும் இருக்கு, அதனால பம்ப் ஹவுசிங் மாத்தப் போறேன். ஆயில் கூலர் பத்தி இன்னும் விவரமா சொல்ல முடியுமா? இன்டர்கூலரும் சேர்த்து மாத்திடலாமா?

---

ஆயில்கேஜ்

ஆயில் கூலர் 235 மி.மீ. அகலத்தில் 19 வரி (ஆயில் ஓடுற குழாய் வரிசை) போதும். அதுக்கு மேல் பெரிசா போட்டா தினசரி ஓட்டத்தில் ஆயில் 90-ஐத் தாண்டவே கஷ்டப்படும். ஆயில் ஃபில்டருக்கு அடியில் மாட்டி ஆயிலைக் கூலருக்குத் திருப்புற பிளேட், தெர்மோஸ்டாட் உள்ளதாத்தான் வாங்கணும், திறப்பு 82-லிருந்து 90 டிகிரிக்குள். நல்ல பிளேட் மூடியிருக்கும்போதும் கொஞ்சம் ஆயிலைக் கூலருக்குள் ஓட விடும், அப்பதான் திறந்தவுடனே பச்சைத் தண்ணி மாதிரி குளிர்ந்த ஆயில் இன்ஜினுக்குள் பாயாது. கம்பெனி எக்ஸ்சேஞ்சரைக் கழட்டாதீங்க. காலையில் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்குவது அதுதான்.

ஹோஸ் ஏ.என்.-10 அளவு, உள் விட்டம் ஏறக்குறைய 14 மி.மீ. இதைவிடச் சின்னது போட்டா பிரஷர் குறையும். இந்த வண்டியில் டர்போ பின்சுவர் பக்கம், ஆயில் ஃபில்டர் முன்பக்கம், அதனால ஹோஸ் நீளம் குறைவாவே வரும். 30 செ.மீ.க்கு ஒரு ரப்பர் வச்ச கிளாம்ப் போடுங்க. இன்ஜின் ஆடும்போது இழுக்காத அளவுக்கு ஒரு வளைவு விடுங்க. ஃபிட்டிங் இறுக்கும்போது ரெண்டு ஸ்பேனர், ஒண்ணு பிடிக்க, ஒண்ணு திருப்ப. ஒரே ஸ்பேனரில் திருப்பினா கூலரின் வாய் முறுக்கிக் கிழியும்.

கூலரை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் மாட்டாதீங்க. ஆயிலில் எடுத்த சூட்டைத் திரும்ப ரேடியேட்டருக்கே ஊட்டின மாதிரி ஆகும். பம்பரின் பக்கவாட்டுக் கீழ் கிரில்லுக்குப் பின்னால், சக்கர வளைவுக்கு முன்னால் இடம் இருக்கு. அங்க மாட்டி, கிரில்லிலிருந்து கூலர் வரைக்கும் தகட்டில் ஒரு பெட்டி செய்யுங்க. வீல் ஆர்ச் லைனரில் காற்று வெளியேற கூலர் முகப்பின் பாதி அளவுக்காவது ஓட்டை வெட்டி, கல் தெறிக்காம வலை வைங்க. ஓட்டை இல்லைன்னா அது மூடின டப்பா, கூலர் வேலை செய்யாது. வாய் மேல்பக்கமா இருக்கிற மாதிரி வைங்க. கீழ்ப்பக்கமா வச்சா காற்று உள்ளேயே மாட்டிக்கும், இன்ஜின் நின்னதும் ஆயில் வடிஞ்சு இறங்கும்.

மாட்டின பிறகு கூலருக்குள் புது ஆயிலை ஊத்தி நிரப்புங்க. ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸை எடுத்துட்டு 10 நொடி வீதம் மூணு தடவை ஸ்டார்ட்டரைச் சுத்த விடுங்க. அப்புறம் ஃப்யூஸ் போட்டு ஸ்டார்ட் பண்ணி, ஐடிலில் ஒரு நிமிஷம் ஒவ்வொரு ஜாயின்ட்டையும் பாருங்க. தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்கு ஓட்டி வந்த பிறகுதான் ஆயில் லெவல் பார்க்கணும். இன்ஜினில் சுமார் 5.7 லிட்டர், கூலரும் ஹோஸும் சேர்ந்து அரை லிட்டருக்கு மேல் கூடுதலாக் குடிக்கும்.

ஆயில் ஃபோக்ஸ்வாகன் 502 00 அப்ரூவல் உள்ள 5டபிள்யூ-40, முழு சிந்தெடிக். 120 வரைக்கும் கவலை இல்லை. 130 வந்தா அந்த ரவுண்டோட நிதானமா ஓட்டி உள்ளே வாங்க. 140-ஐத் தொட்ட ஆயிலை அந்த நாளோட மாத்திடுங்க.

---

ஷாஆலம்_டர்போ

அண்ணே, இன்டர்கூலர் பத்தி மலேசியாவிலிருந்து ஒரு வார்த்தை. செப்பாங்கில் 5.5 கிலோமீட்டர் சுற்றில் ரெண்டு நீளமான நேர்பாதை, வருஷம் முழுக்க 32, 33 டிகிரி. இதே இன்ஜின் உள்ள கோல்ஃப் ஜி.டி.ஐ. அங்கே நிறைய ஓடுது, உங்க பிரச்சினையேதான் அவங்களுக்கும்.

உங்க இன்டேக் காற்று 63. 50-ஐத் தாண்டும்போதே இக்னிஷன் டைமிங்கைக் குறைக்க ஆரம்பிக்கும், அதனால இன்டர்கூலர் மாத்தினா நேர்பாதையில் வேகம் தெரியும். ஆனா அது நடு அடுக்கில் இருக்கு. பார்-பிளேட் வகையில் ரொம்பத் தடிமனானது வாங்கினா, பின்னால் உள்ள ரேடியேட்டருக்கு வரும் காற்று குறையும். இன்டேக் 15 டிகிரி இறங்கி கூலன்ட் 4 டிகிரி ஏறினா என்ன லாபம்? டைமிங் குறையலைன்னா பவர் கூடும், பவர் கூடினா சூடும் கூடும். அதனால இன்டர்கூலரைக் கடைசியில் வைங்க, வாங்கும்போது ட்யூப்-ஃபின் வகையில் துடுப்பு நெருக்கமில்லாததாப் பாருங்க.

52 மி.மீ. ரேடியேட்டருக்கும் இதே பதில். தடிமன் கூடக் கூட காற்று உள்ளே போவது கஷ்டம். கோரின் பின்பாதிக்கு வருவது ஏற்கனவே சூடான காற்று. மாத்தியே தீரணும்னா 40 மி.மீ. பக்கம், டேங்க் வெல்டு பண்ணினது, ஃபேன் ஷ்ரவுட் (ஃபேனைச் சுத்தி இருக்கிற கூடு) அப்படியே உட்கார்வது. லோக்கலில் செய்தா 1.5 பாரில் சோப்புத் தண்ணியில் டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க. மாட்டின பிறகு மல்டிமீட்டரில் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனையைக் கூலன்ட்டில் முக்கிப் பாருங்க. 0.1 வோல்ட்டுக்குள் இருக்கணும். 0.3-க்கு மேல் போனா எங்கேயோ எர்த் சரியில்லை, அந்தக் கரண்ட் அலுமினியத்தை உள்ளிருந்தே அரிச்சிடும்.

கியர்பாக்ஸ் 118-ஐ மறந்துடாதீங்க. அதன் கூலர் கூலன்ட்டில்தான் ஆறுது, கூலன்ட் 109-ல் இருக்கும்போது கியர்பாக்ஸ் ஆயில் அதுக்குக் கீழே இறங்க வழியே இல்லை. கூலன்ட் 98-க்கு வந்தா அதுவும் தானாவே இறங்கும். தனிக் கூலர் இப்போ வேண்டாம். ஆனா உங்க கியர்பாக்ஸான டிக்யூ250-க்கு 60,000 கி.மீ.யில் ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும், உங்க வண்டி அதைத் தாண்டிடுச்சு. டிராக் ஓட்டம் இருந்தா அடுத்த தடவை 30,000-லேயே செய்யுங்க.

---

மதுரை_16வால்வ்

கூலன்ட்டே வேண்டாம், டிஸ்டில்டு வாட்டரும் வாட்டர் வெட்டரும் (தண்ணியில் கலக்கிற ஒரு மருந்து) போட்டா 8, 10 டிகிரி குறையும்னு படிச்சிருக்கேன். பைக் ரேஸில் எல்லாம் அப்படித்தானே?

---

செட்டிபாளையம்_கேரேஜ்

பைக் ரேஸில் கூலன்ட்டில் இருக்கிற கிளைகாலைத் தடை பண்றது வேற காரணத்துக்குங்க. டிராக்கில் சிந்தினா தண்ணி காய்ஞ்சிரும், கிளைகால் வழவழன்னு அப்படியே கிடக்கும், பின்னால் வர்றவங்க விழுவாங்க.

வெறும் தண்ணி சூட்டை நல்லாத் தூக்கும், அது உண்மை. அரைக்கு அரைக் கலவையைவிட அதோட வெப்பக் கொள்ளளவு கூடுதல். ஆனா உங்களுக்குத் தட்டுப்பாடு தண்ணிப் பக்கம் இல்லை, காற்றுப் பக்கம். அதனால கைக்கு வர்றது ஒண்ணு ரெண்டு டிகிரிதான். கொதிநிலையும் கவனிங்க: 1.4 பார் மூடியில் வெறும் தண்ணி சுமார் 126-ல் கொதிக்கும், கலவை 130-ஐத் தாண்டும். ரோட்டிலும் ஓடற வண்டிக்கு அலுமினிய ஹெட், பம்ப் சீல் எல்லாத்துக்கும் துருத் தடுப்பு வேணும். 40 சதவீதக் கலவையே இருக்கட்டும். வெட்டர் ஊத்தறதா இருந்தா அந்தக் கூலன்ட்டோட ஒத்துப்போகும்னு டப்பாவில் எழுதியிருந்தா மட்டும்.

---

ஆயில்கேஜ்

வடபழனி, எல்லாத்தையும் ஒரே வாரத்தில் மாட்டிட்டு டிராக்குக்குப் போகாதீங்க. எது பலன் கொடுத்துதுன்னு தெரியாமப் போயிடும், ஏதாவது கசிஞ்சாலும் எங்கேன்னு தேடணும்.

முதல் டிராக் டேக்கு: பம்ப் ஹவுசிங், மூடி, கூலன்ட், கியர்பாக்ஸ் ஆயில், கூலர் அடுக்கைக் கழுவி இடுக்குகளை அடைப்பது. அதோட நாலு ரவுண்டு ஓட்டி லாக் எடுங்க. வெளிக்காற்று வேற அளவா இருக்கும், அதனால நேரா எண்ணை ஒப்பிடாதீங்க. கூலன்ட்டிலிருந்து வெளிக்காற்றைக் கழிச்சுட்டு ஒப்பிடுங்க. உங்க பழைய லாக்கில் நாலாவது ரவுண்டில் அது 73. இப்போ 65-க்குள் வந்து, மூணாவதுக்கும் நாலாவதுக்கும் 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லைன்னா கூலன்ட் பக்கம் முடிஞ்சது. ஆயில் அப்பவும் 125-ஐத் தாண்டினா ஆயில் கூலர் மாட்டி ரெண்டாவது டிராக் டே. இன்டேக் காற்று வெளிக்காற்றைவிட 20 டிகிரிக்கு மேல் இருந்தா மட்டும் மூணாவதா இன்டர்கூலர்.

டிராக்கிலிருந்து உள்ளே வரும் கடைசி ரவுண்டை 3000 ஆர்.பி.எம்.க்குக் கீழே, பெரிய கியரில், பிரேக்கை அதிகம் தொடாம ஓட்டுங்க. நிறுத்தினதும் பானெட்டைத் திறந்து ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஐடிலில் விட்டு அணைங்க. அணைச்ச பிறகும் டர்போவுக்கான எலெக்ட்ரிக் பம்ப் ஓடுகிற சத்தம் கேட்கும், பேட்டரியைக் கழட்டவோ இக்னிஷனைத் திரும்பத் திரும்பப் போடவோ வேண்டாம். ஓட்டும்போதே கூலன்ட் 112-ஐத் தொட்டா ஹீட்டரை ஃபுல் சூட்டில், ஃபேனை ஃபுல்லில் வச்சுட்டு மெதுவா உள்ளே வாங்க, கேபினில் வேகும், ஆனா அதுவும் ஒரு சின்ன ரேடியேட்டர்தான். எக்ஸ்பான்ஷன் டேங்க் மூடியைக் கை வச்சுப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறும்வரை திறக்காதீங்க.

லாக் ஃபைலை அப்படியே இங்கே போடுங்க, பார்த்துச் சொல்றேன்.